பச்சைக் கட்டத் துணி

இன்னாசி மேஸ்திரியிடம் எஞ்சின் வேலை கற்றவர்களில் தொம்மை ஒருவர்தான் அவரைவிட வயதில் மூத்தவர். தோள்பட்டை போய் வலை இழுக்க முடியாமல் ஆனபிறகு, ஐம்பத்து மூன்று வயதில் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். மேஸ்திரிக்கு முப்பத்தாறு.

"பேரன் எடுத்த பிறகு பள்ளிக்கூடமா?" என்று துறையில் கேலி செய்வார்கள். தொம்மை சிரித்துக்கொள்வார்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினிலிருந்து எந்தக் குழாயைக் கழற்றினாலும் உடனே அதன் வாயில் துணியைத் திணித்துவிடுவார்கள். மண்ணோ திருகாணியோ உள்ளே விழக் கூடாது. தொம்மை அதற்காகத் தன் பழைய சாரத்தைக் கிழித்து இடுப்பில் செருகியிருப்பார். கைலியை அந்தக் கரையில் சாரம் என்பார்கள். அது பச்சைக் கட்டம் போட்டது.

ஆவணியில் கஸ்மீர் என்பவரின் மீன்பிடி வள்ளம் மூன்றாவது முறையாகப் பட்டறைக்கு வந்தது.

முதல் முறை வந்தபோது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பு பழுது. தொம்மை தனியாகக் கழற்றி மாட்டிய முதல் எஞ்சின் அதுதான். கரையில் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடவிட்டார்கள். சூடாகவில்லை. கடலுக்குள் போய் வேகம் கூட்டியதும் கொதித்தது.

இரண்டாவது முறை கஸ்மீருடன் டிரைவர் அருளப்பனும் வந்தான்.

"வெளிக்குழாயில தண்ணி சரியா விழல அண்ணே. பீய்ச்சி அடிக்காம பக்கத்துலயே வடியுது. உள்ள ஒரு தடவ திறந்து பாருங்க."

"கரையில நல்லா ஓடுச்சே," என்றார் தொம்மை.

"கடல்ல ஓடலியே."

"அப்ப ஓட்டுறவன் கைதான் சரியில்ல."

கஸ்மீர் சிரித்தார். மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார். எஞ்சினைத் திறந்து பார்க்காமலே வள்ளத்தை அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் கஸ்மீர் அருளப்பனை நிறுத்திவிட்டுத் தன் மருமகனை டிரைவராக வைத்தார். எஞ்சினை எரித்தவன் என்று பேச்சு பரவியது. அதன்பிறகு எந்த வள்ளத்துக்காரரும் அருளப்பனைக் கூப்பிடவில்லை. அவன் உப்பளத்துக்கு வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள்.

மருமகன் ஓட்டியும் எஞ்சின் கொதித்தது. இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது.

இந்த முறை மேஸ்திரியே குனிந்தார். பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். கறுத்துச் சுருண்ட ஒன்று வந்தது. அதைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார். பச்சைக் கட்டம் தெரிந்தது.

தொம்மை பார்த்துக்கொண்டே நின்றார்.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த கஸ்மீர் எழுந்து வருவது தெரிந்தது. தொம்மை துணியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

"என்னவே, அகப்பட்டுச்சா?"

மேஸ்திரி தொம்மையைப் பார்த்தார்.

"அடைப்பு," என்றார் தொம்மை.

"என்ன அடைப்பு?"

"பாசி."

"நம்ம எஞ்சினுக்குள்ள தோட்டமே போட்டிருக்கு பாரும்," என்று சிரித்துக்கொண்டு கஸ்மீர் போனார்.

மாலையில் பட்டறையைப் பூட்டும்போது தொம்மை கேட்டார்.

"நீங்க ஏன் மேஸ்திரி சொல்லல?"

"அவரு என்கிட்ட கேக்கல."

"அன்னைக்கு அருளப்பன் கேட்டானே. நீங்களும் நின்னுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

மேஸ்திரி சாவியைத் திருப்பினார்.

"ஆமா. அன்னைக்கு நானும் சொல்லல."

மறுநாள் மேஸ்திரி அந்தத் துணியைக் கேட்டு வாங்கினார். சோப்புப் போட்டு அலசிப் பட்டறைக் கொடியில் காயப் போட்டார். அது அங்கேயே தொங்கியது. அதற்குக் கீழேதான் தொம்மை உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாள் எழுந்து மேஸ்திரியிடம் வந்தார்.

"நான் இப்ப என்ன செய்யணும் மேஸ்திரி?"

"துணி காஞ்சிருச்சா பாரும்."

தொம்மை துணியை எடுத்துக்கொண்டு முதலில் கஸ்மீர் வீட்டுக்குப் போனார். கஸ்மீர் கதையைக் கேட்டார். துணியைக் கையில் வாங்கவில்லை.

"போச்சு, விடும்."

"அருளப்பன் மேல தப்பு இல்ல. அவனைத் திரும்பக் கூப்பிடணும்."

"இப்ப மருமகன் ஓட்டுறான். அவனை இறக்கிவிட்டா எம் மக வீட்டுல அடுப்பு எரியுமா? உம்ம தப்புக்கு எம் மக குடும்பத்துல வந்து கைவைப்பீரா?"

தொம்மை துறைக்குப் போனார். மீன் ஏலம் முடிந்து நின்றவர்களிடம் துணியை விரித்துக் காட்டிச் சொன்னார்.

"சாரத்தை எஞ்சினுக்குள்ள விட்டுட்டு அன்னைக்கு எதைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனீரு?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கலைந்து போனார்கள்.

உப்பளம் ஊருக்கு மேற்கே இருந்தது. அங்கிருந்து கடல் தெரியாது. அருளப்பன் பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தான். கால்களில் வெடிப்பு. தொம்மை வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். துணியை நீட்டினார்.

அருளப்பன் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இப்ப சூடாகலியா?"

"இல்ல."

"வெளிக்குழாயில தண்ணி எப்படி விழுது?"

"ரெண்டு முழம் தள்ளி விழுது."

"அப்படித்தான் விழணும்," என்றான்.

"நீ துறைக்கு வா. ஒவ்வொரு வள்ளத்துக்கும் நானே வந்து கேக்குறேன்."

"என் கை சரியில்லன்னு சொன்னதும் உங்க வாயிதான். சரின்னு சொல்லப்போறதும் அதே வாயிதான். எதை அண்ணே நம்புவாங்க?"

குரலில் கோபம் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் அந்தத் துணியை உதறித் தலையில் கட்டிக்கொண்டு குனிந்தான். தொம்மை வரப்போடு திரும்பி நடந்தார். அவன் நிமிரவில்லை.

தொம்மை திரும்பியபோது பட்டறையில் வேறொரு வள்ளம் நின்றது. சற்று முன்புதான் கடலிலிருந்து வந்திருந்தது. மேஸ்திரி எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தீரா?"

"பார்த்தேன்."

"திட்டினானா?"

"இல்ல. துணியைத் தலையில கட்டிக்கிட்டு உப்பு வாரப் போயிட்டான்." தொம்மை எஞ்சினின் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு அறை வச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மேஸ்திரி. ஒண்ணும் மாறல. இனி நான் என்ன செய்ய?"

"அந்தத் தண்ணிக் குழாயைக் கழற்றும்."

தொம்மை கழற்றினார். பம்புப் பக்கம் ஒரு வாயும் எஞ்சின் பக்கம் ஒரு வாயும் திறந்துகொண்டன. அவருடைய கை வழக்கம்போல் இடுப்புக்குப் போனது. அங்கே துணி இல்லை. சுற்றிலும் தேடினார்.

"கையை வச்சு மூடும்," என்றார் மேஸ்திரி.

தொம்மை உள்ளங்கையை எஞ்சின் பக்கத்து வாயில் வைத்தார். இரும்பு இன்னும் ஆறவில்லை. கையை எடுக்கப் பார்த்து, எடுக்காமல் வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, திறந்திருந்த இன்னொரு வாயைத் தன் கையால் மூடினார். வேலை அப்படியே நின்றது. சாலையில் போன ஒருவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போனார்.

"எவ்வளவு நேரம் மேஸ்திரி?"

"அருளப்பன் எத்தனை மணி வரைக்கும் உப்பு வாருவான்?"