முசுறுக் கூட்டின் வாசல்சொல்

அந்தக் காலத்தில் எறும்புகளுக்கு வாய்ப்பேச்சு இருந்தது. நம்மைப் போலவே பேசின, நம்மைப் போலவே வம்பும் வளர்த்தன. மாமர இலைகளை மடித்துத் தைத்துக் கூடு கட்டுமே முசுறு, அந்தச் சிவப்பு எறும்புதான் எல்லோரையும் விட அதிகம் பேசியது. அப்படி ஒரு முசுறுக் கூட்டில் செவத்தி, பவளம் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே நாளில் பொரிந்தவர்கள். செவத்தி கொஞ்சம் முன்னால் தலையை நீட்டியதால் அக்கா. பவளம் தங்கை.

அந்தக் கூட்டுக்கு ஒரே வாசல், வாசலுக்கு ஒரு காவல்காரி. உள்ளே வருகிறவர்கள் அவளிடம் ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். வாசல்சொல் என்று அதற்குப் பெயர். இன்றைக்கு நாம் பாஸ்வேர்டு என்று எதையோ போட்டுவிட்டு மறந்துபோய் விழிக்கிறோமே, அதேதான். சொல் சரியாக இருந்தால் உள்ளே விடுவாள், தப்பாக இருந்தால் கடித்துத் துரத்துவாள். முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் யார் முகத்தை யார் நினைவில் வைத்துக்கொள்வது?

ஒரு நாள் காவல்காரியை ஓணான் விழுங்கிவிட்டது. அந்த இடத்துக்குத் தேர்வு வைக்கப்போவதாக ராணியம்மா அறிவித்தாள். காவல் வேலைக்குச் சேருகிறவர்களுக்கான முதல் தேர்வுதான், பெரிய வித்தை எதுவும் வேண்டாம். எதற்கு என்ன பெயர் என்று தெரிந்தால் போதும்.

செவத்தி விழுந்து விழுந்து படித்தாள். இலைத் தையலில் விட்டுப்போன இடம் ஓட்டை. அதைத் தேடி நுழையப் பார்க்கிறவன் ஊடுருவி. நம்மவள் மாதிரி தோற்றம் காட்டி வருகிறவன் வேடதாரி. கூட்டுக்குள்ளேயே இருந்து காட்டிக்கொடுக்கிறவள் உள்ளாள். இரை தூக்கும்போதும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே தூக்கினாள். பவளமோ தளிர்ப் பூச்சிகளிடம் தேன்துளி கறந்து குடித்துக்கொண்டு, அக்கா சொல்வதைக் காதில் வாங்கியதோடு சரி.

தேர்வில் இரண்டு பேரும் எல்லாப் பெயரையும் சரியாகச் சொன்னார்கள். கடைசியாக ராணியம்மா கேட்டாள். "தூண்டில்னா என்ன?"

இன்று ஃபிஷிங் என்கிறார்கள். செவத்தி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "தெரிஞ்சவங்க மாதிரி வந்து, ஆசை காட்டியோ பயம் காட்டியோ, அவசரப்படுத்தி, சொல்லக்கூடாததைச் சொல்ல வைக்கிறதும்மா."

"சரி. அப்படி ஒருத்தன் வந்தா என்ன செய்வே?"

"அது பாடத்துல இல்லியேம்மா."

பவளம் மெதுவாகச் சொன்னாள். "நான் அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. நேரா உங்ககிட்ட வந்து, நீங்கதான் அனுப்பினீங்களான்னு கேப்பேன்."

வாசல் பவளத்துக்குக் கிடைத்தது. செவத்திக்குத் தையல் வேலை. புழுப் பிள்ளைகளை வாயில் கவ்விப் பிடித்து, அவை விடும் நூலால் இலையோடு இலை சேர்த்துத் தைப்பது. நல்ல வேலைதான், கூடு நிற்பதே அந்த வேலையால்தான். ஆனால் செவத்திக்கு வயிறு எரிந்தது. பவளம் சிரித்தால் எரிந்தது. சிரிக்காவிட்டால், பதவி வந்ததும் திமிரைப் பார் என்று எரிந்தது. படித்தவள் நான், பலன் அவளுக்கா என்று நினைத்து நினைத்து இளைத்துப்போனாள்.

இதில் இன்னொரு கொடுமை. வெளியே போய் வரும்போதெல்லாம் பவளம் முன்னால்தான் நிற்க வேண்டும்.

"வாசல்சொல் சொல்லுக்கா."

"என்னை யாருன்னு தெரியாதாடி உனக்கு?"

"தெரியும்க்கா. எல்லாரையும் கேக்கிறேன், அதான் உன்னையும் கேக்கிறேன்."

"மாம்பூ" என்று துப்புகிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போவாள் செவத்தி.

பக்கத்துக் கிளையில் சிலம்பன் என்று ஒரு சிலந்தி இருந்தான். சிவப்பு உடம்பு, ஒட்டிய இடுப்பு. தூரத்தில் பார்த்தால் முசுறு என்றே தோன்றும். வாசலில் நடப்பதையெல்லாம் அவன் கவனித்துக்கொண்டே இருந்தான், செவத்தியின் முகத்தையும் கவனித்தான். ஒரு நாள் முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி நெற்றிக்கு மேல் தூக்கிக்கொண்டு, மிச்சம் ஆறு காலில் நடந்து அவள் எதிரே வந்தான்.

"நீங்கதானே செவத்தி? பாடம் பூரா ஒரு எழுத்து பிசகாம சொன்னவங்க? வேப்பமரத்துக் கூடு வரைக்கும் உங்க பேச்சுதாங்க. எங்க ராணி தலைமைக் காவலுக்கு ஆள் தேடுறாங்க. உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

செவத்திக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் படிப்பை ஒருவராவது புகழ மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள் ஆயிற்றே.

"உங்க அருமை இங்க யாருக்குத் தெரியுது?" என்று சிலம்பன் அவள் முதுகை ஆறுதலாகத் தடவிக்கொடுத்தான். "ஒண்ணே ஒண்ணுங்க. நீங்க இந்தக் கூட்டுக்காரிதான்னு நாங்க உறுதி பண்ணிக்கணும். வாசல்சொல்லை மட்டும் சொல்லிடுங்க. இன்னைக்கே வேணும். நாளைக்குன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க."

செவத்திக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவன் மாதிரி வந்தான், ஆசை காட்டினான், அவசரப்படுத்துகிறான். ராகம் போட்டுப் படித்த பாடம் எட்டுக் காலோடு எதிரே நின்றது. கத்தியிருந்தால் கூடே திரண்டு வந்து அவனைக் கிழித்திருக்கும். ஆனால் கூடவே இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. இவன் உள்ளே நுழைந்தால் கேள்வி வாசலில் நிற்கிறவளிடம்தான் வரும்.

"மாம்பூ" என்றாள் செவத்தி.

சிலம்பன் வாசலுக்குப் போனான். பவளம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் மூக்குக்குப் பழகாத ஒரு வாடை அடித்தது.

"உன்னைப் பார்த்த ஞாபகமே இல்லியே?"

"இத்தனை பேர்ல யாரைத்தான் ஞாபகம் இருக்கும்? மாம்பூ."

சொல் சரியாக இருந்தது. சொல் சரியாக இருந்தால் தடுக்கக்கூடாது என்பது சட்டம். பவளம் விலகி வழிவிட்டாள். அவன் நேராகப் பிள்ளைகள் கிடந்த அறைக்குப் போய், வயிறு முட்டத் தின்றுவிட்டு, பின்பக்க இலையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

தையலுக்குப் பிள்ளை எடுக்க வந்த செவத்தி அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் அவள் வாய்க்குள் அடங்கிக் கிடந்து நூல் விட்ட அந்தச் சின்னக் குட்டியும் இல்லை. அவள் ஓவென்று அழுதாள். இதை அவள் நினைக்கவில்லை. பவளத்தின் பெயர் கெட வேண்டும் என்பது வரைக்கும்தான் நினைத்திருந்தாள்.

கூடு மொத்தமும் ராணியம்மா முன்னால் கூடியது. "உள்ள விட்டது நான்தான்மா" என்று பவளம் ஒப்புக்கொண்டாள். மரத்தை விட்டு இறங்கிப் போ என்று தீர்ப்பானது. தனி எறும்பு மரத்தை விட்டு இறங்கினால் பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஒன்றின் வாய்க்குள் போய்விடும். எல்லோருக்கும் தெரியும், செவத்திக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

போகும் முன் பவளம் அக்காவிடம் வந்தாள். குனிந்து தன் கொம்புகளால் அக்காவின் முகத்தையும் முதுகையும் தடவினாள். தடவியவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, உன் முதுகுல அவன் வாடை அடிக்குதே?"

மெல்லத்தான் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. செவத்திதான் வெடித்துவிட்டாள். "ஆமாடி, நான்தான் சொன்னேன்! நீ அந்த வாசல்ல நிக்கிறதை என்னால பார்க்க முடியல. தினம் தினம் என்னை நிறுத்தி வச்சுக் கேட்டியே, அதைத் தாங்க முடியல. போதுமா?"

ராணியம்மா இறங்கி வந்து செவத்தியின் முதுகைத் தானே மோந்து பார்த்தாள். பிறகு, "பிள்ளைங்க போனது போதும், யாரும் மரத்தை விட்டுப் போக வேண்டாம்" என்றாள். "சொல்லை யார் வேணும்னாலும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துடலாம். உடம்பு வாடையைக் கொடுக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. இனிமே செவத்தியை எங்க பார்த்தாலும் தொட்டு மோந்து பார்த்துட்டு விடுங்க."

அப்படியே நடந்தது. கிளையில் அவள் எதிரே வருகிறவர்களெல்லாம் நின்று, கொம்பால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். குட்டியைப் பறிகொடுத்து, ஊர் முன்னால் குட்டு உடைந்து நின்றவளுக்குப் பொறாமை அதோடு அடங்கியிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமைப்பட்டுப் பழகாதவர்கள்தான் அப்படி நினைப்பார்கள். பவளத்தைப் பார்த்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு அப்படியே போவதை செவத்தி ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் ராணியம்மாவிடம் போய் நின்றாள்.

"என்னை மட்டும் தொட்டுப் பார்க்கிறாங்களே, பவளத்தை ஏன் பார்க்கிறதில்ல? அவ மட்டும் என்ன ஒசத்தி?"

கேட்டவர்களெல்லாம் வாயில் காலை வைத்தார்கள். செய்ததையும் செய்துவிட்டு இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! ராணியம்மா மட்டும் கோபப்படவில்லை.

"இவ பொறாமையிலதான் கேக்கிறா. ஆனா கேக்கிறது சரி. அன்னைக்கு வரைக்கும் இவ மேலயும்தான் நமக்குச் சந்தேகம் இல்ல. பவளத்தையும் தொட்டுப் பாருங்க. என்னையும் பாருங்க. யாரையும் விடாதீங்க."

பவளம் முன்னால் வந்து தலையைக் குனிந்தாள். முதலில் தொட்டுப் பார்த்தது செவத்திதான். முகம், கழுத்து, முதுகு என்று ஒரு இடம் விடாமல் பார்த்தாள். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதுவும் அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சொல்லுக்கு மதிப்புப் போனதும் பேச்சுக்கும் மதிப்புப் போனது, கூடே பேச்சடங்கிப்போனது. இதைப் பார்த்து மற்ற எறும்புகளும் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. அன்று முதல்தான் எறும்புகள், எவ்வளவு அவசரமாகப் போனாலும், எவ்வளவு சுமை தூக்கிப் போனாலும், எதிரே வருவது கூடப்பிறந்தவளே ஆனாலும், ஒரு நொடி நின்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகின்றன.