சருகு அள்ளியவர்

கதையை நான் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்கள் பொறுப்பு. முழுவதும் கேட்காமல் வாய் திறக்க வேண்டாம்.

தென்காசிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. கட்டடத்துக்குப் பின்னால் எட்டு சென்ட் காலி இடம். பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடித்துப் படிக்க அங்கே ஓர் இயற்கைத் தோட்டம் வேண்டும் என்பது தலைமையாசிரியை ஜெயசெல்வியின் ஆசை. பெற்றோர் குழுத் தலைவர் செல்லத்துரைக்கோ, அந்த இடத்தில் சிமெண்டு பூசி விழா மேடை கட்ட வேண்டும். இழுபறிக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. ஒரு வருடம் கழித்து, ஒரே மணி நேரத்தில் பிள்ளைகள் அங்கே இருபது வகை உயிர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். செடிகொடிகள் கணக்கில் சேராது. தோற்றால் சிமெண்டு. வென்றால், தோட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் யாரோ அவரே அதற்குப் பெயர் வைக்கலாம் என்று ஜெயசெல்வி வாக்குக் கொடுத்தார்.

தோட்டத்தை வரைந்து கொடுத்தவர் வடிவமைப்பாளர் யாஸ்மின். ஆழமில்லாத ஒரு குட்டை, பிள்ளைகள் புரட்டிப் பார்க்கத் தட்டைக் கற்கள், வண்ணத்துப்பூச்சி முட்டையிட எலுமிச்சையும் கறிவேப்பிலையும் என்று எல்லாம் கச்சிதம். சருகைப் பெருக்கக் கூடாது என்று மட்டும் அதில் ஒரு வரி இல்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டார்.

தோட்டத்தை வளர்த்தவர் ஆவுடையப்பன். முப்பது வருடம் ஒரு மில் முதலாளியின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். அவர் பெருக்கிய தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம். தினமும் முதல் மணி அடிப்பதற்குள் ஒரு சருகு விடாமல் கூட்டி அள்ளிப் பின்சுவருக்கு அப்பால் கொட்டிவிடுவார்.

பதினோராம் மாதம் ஒத்திகை நடந்தது. பிள்ளைகளுக்குக் கிடைத்தவை ஏழே ஏழு, அதிலும் ஒன்று காக்கை. யாஸ்மின் தன் வரைபடத்தை மூன்று முறை சரிபார்த்தார். தப்பு எங்கே என்று பிடிபடவில்லை. நான்காம் வகுப்பு முப்பிடாதியை மட்டும் காணோம் என்று தேடினால், அவள் சுவருக்கு அப்பால் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க கொட்டுற சருகுலதான் எல்லாம் கெடக்கு. மரவட்டை, நத்தை, அரணை... பதினாலு எண்ணிட்டேன்!"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். அன்று மாலையே கூடை கூடையாகச் சுமந்து வந்து மரத்தடியெல்லாம் பரப்பினார். மறுநாளிலிருந்து விளக்குமாற்றைத் தொடவில்லை.

"என்னவே, வயசாயிட்டுன்னா வேலைய விட்டு நின்னுக்க வேண்டியதுதான? இது தோட்டமா, குப்பைமேடா?" என்று செல்லத்துரை நாலு பேர் முன்னால் கேட்டார். அந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஆவுடையப்பன் ஒருநாள் மனம் தாளாமல் விளக்குமாற்றை எடுத்தும்விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சுவரில் சாத்திவைத்தார்.

சோதனை நாள் வந்தது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஒருத்தி, "டீச்சர், பிள்ளைப்பூச்சி!" என்று கத்தினாள். அது இருபதாவது. மணி அடித்தபோது கணக்கு முப்பத்தொன்று! பள்ளிக்கூடமே குதித்தது. செல்லத்துரையே வேட்டியை மடித்துக் கட்டி மண்டியிட்டு, "ஏ பிள்ள, இங்க ஒண்ணு ஓடுது பாரு!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் வழக்கு.

"நான் வரையலைன்னா கல்லு ஏது, குட்டை ஏது?" என்றார் யாஸ்மின்.

"நான் சொல்லலைன்னா?" என்றாள் முப்பிடாதி.

"ஊரு சிரிச்சப்ப நின்னது நாந்தானம்மா" என்றார் ஆவுடையப்பன்.

சொல்லுங்கள், பெயர் வைக்கும் உரிமை இந்த மூவரில் யாருக்கு?

விடை: ஆவுடையப்பனுக்கு. யாஸ்மின் தனக்குத் தெரிந்ததைச் செய்தார், முப்பிடாதி கண்ணில் பட்டதைச் சொன்னாள். இருவருக்கும் அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆவுடையப்பனோ, தனக்குப் பெயர் வாங்கித் தந்த வேலையைத் தப்பென்று கண்ட அன்றே நிறுத்தினார், ஏச்சையும் வாங்கிக்கொண்டார். உயிர்களை விரட்டியதே அவர்தானே என்பீர்கள். ஆமாம், விளக்குமாறு அவர் கையில்தானே இருந்தது; அதனால்தான் அவற்றைத் திரும்ப அழைக்க அவரால் மட்டுமே முடிந்தது. ஜெயசெல்வியும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். 'பெருக்காத தோட்டம்' என்று ஆவுடையப்பன் பெயர் வைத்தார். அந்தப் பெயர்ப்பலகையைத் தன் கையாலேயே ஆணியடித்து மாட்டியவர் செல்லத்துரை.