இரண்டு முறை எண்ணப்பட்ட வளை

குளம் வற்றியதும் பன்னிரண்டு நண்டுகள் வாய்க்கால் கரைக்குக் குடிவந்தன. அங்கே மதகிலிருந்து தாழம்புதர் வரை ஒரே வரிசையில் இருபத்துநான்கு வளைகள் இருந்தன. எல்லாம் காலி. ஒரு வளையின் வாயில் உடைந்த ஓடு கிடந்தது. இன்னொன்றின் வாயில் ஒரு கால் மட்டும் கிடந்தது.

இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

புது வளை தோண்டலாம் என்றால் கரை மண் கல்லாகக் காய்ந்திருந்தது. ஒரே வளையில் இருவர் தங்கவும் முடியாது. நெருக்கத்தில் கொடுக்கு தானாகவே அடுத்தவர் காலைக் கவ்விவிடும்.

நண்டுகளின் தலைவர் கருங்காலன் முந்தின நாளே இரண்டு ஒற்றர்களை அனுப்பியிருந்தார். அவர்கள் பாசிக்குள் ஒளிந்திருந்து பார்த்தார்கள். காலையில் நாரை வந்தது. மதகிலிருந்து நடந்து, மூன்றாவது வளையில் அலகை விட்டது. பிறகு ஆறாவது, பிறகு ஒன்பதாவது. அதன் நெட்டைக் கால் ஓர் அடி வைத்தால் மூன்று வளை தள்ளி விழும். மாலையில் நரி வந்தது. நான்காவது வளைக்குள் வாலை விட்டு, நண்டு கவ்வுகிறதா என்று காத்திருந்தது. பிறகு ஒரு தாவல், எட்டாவது. இன்னொரு தாவல், பன்னிரண்டாவது. இரண்டுமே கடைசி வளை வரை அப்படியே போயின.

நாரையைப் பார்த்தவன் அது நின்ற வளைகளில் மண் உருண்டை வைத்தான். நரியைப் பார்த்தவன் அது நின்ற வளைகளில் கோரைத் துண்டு வைத்தான்.

நாரைக்கு எட்டு வளை என்றான் ஒருவன். நரிக்கு ஆறு என்றான் மற்றவன். கருங்காலன் கூட்டிப் பார்த்தார். பதினான்கு. இருபத்துநான்கில் பதினான்கு போனால் பத்து. தன் பத்துக் கால்களையும் ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிச் சரிபார்த்தார்.

"பத்துப் பேருக்குத்தான் இடம். முதலில் வந்தவர் உள்ளே போகலாம்" என்றார்.

மதகுப் பக்கத்திலிருந்து குறியில்லாத வளைகளாகப் பார்த்துப் பத்துப் பேர் புகுந்துகொண்டார்கள். அதற்கு மேல் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

கடைசியாக இருவர் வந்து சேர்ந்தார்கள். பவளிக்கு வழியிலேயே பழைய ஓடு கழன்றுவிட்டது. புது ஓடு ஈரத் துணி போல மெத்தென்று இருந்தது. அவளுக்குத் துணையாக நின்றதால் ஒற்றைக்கொடுக்கனும் பிந்திவிட்டான்.

"பெரியப்பா, ஓடு இறுகும்வரை மட்டும் இடம் கொடுங்கள்" என்றாள் பவளி.

"எனக்கும் மனசு கேட்கவில்லை, தாயி. நாரைக்கு உருண்டை எட்டு, நரிக்குக் கோரை ஆறு, மிச்சம் பத்துதான். கணக்கு அப்படி வருகிறதே" என்று சொல்லிக்கொண்டே கருங்காலன் தன் வளை வாயை மண்ணால் அடைத்துக்கொண்டார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மதகுப் பக்கம் புல் சரசரத்தது.

"என்னைத் தின்ன நரி கொஞ்சமாவது கடிக்கவேண்டும். உன்னை அப்படியே விழுங்கிவிடும்" என்றான் ஒற்றைக்கொடுக்கன்.

"பேசாமல் வாங்க, அண்ணே."

நாரை விடிந்த பிறகுதான் வரும். ஆகவே மண் உருண்டை இருக்கும் வளையில் புகுந்தால் அதுவரையாவது உயிர் பிழைக்கலாம் என்று பவளி நினைத்தாள். பன்னிரண்டாவது வளையில் மண் உருண்டை இருந்தது. காலை உள்ளே வைத்தாள். கோரைத் துண்டும் இடறியது. சட்டென்று பின்னால் வந்தாள். பிறகு அங்கேயே நின்றாள்.

"அண்ணே, இந்த வளையை நாரைக் கணக்கிலும் எண்ணியிருக்கிறார்கள். நரிக் கணக்கிலும் எண்ணியிருக்கிறார்கள்."

"நரி வருகிறது, பவளி!"

"போனது ஒரு வளைதானே? இரண்டாகக் கழித்துவிட்டார்கள். அப்படியானால் குறியில்லாத வளை ஒன்று எங்கேயோ மிச்சம் இருக்கவேண்டும்."

பின்னால் நரி நான்காவது வளையில் உட்கார்ந்தது. அடுத்த வளையில் இருந்த நண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது. இருவரும் பக்கவாட்டில் ஓடினார்கள். பதினைந்தில் உருண்டை. பதினாறில் கோரை. அடைத்த வளைகளும் முடிந்தன. இருபதில் கோரை. இருபத்தொன்றில் உருண்டை. இருபத்திரண்டின் வாயில் ஒன்றுமே இல்லை.

ஒற்றைக்கொடுக்கன் அவளை உள்ளே தள்ளினான். அவள் சொன்னது ஒரு வளைதான், அது நிறைந்துவிட்டது. நரி பதினாறுக்கு வந்துவிட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வளையைத் தடவினான். அதிலும் உருண்டை இல்லை, கோரை இல்லை. உள்ளே விழுந்தான்.

நரி இருபதில் வாலை விட்டது. ஒன்றும் கவ்வவில்லை. தாவியது. பவளியின் மேல் மண் உதிர்ந்தது. அது இறங்கிய இடம் இருபத்துநான்கு.

மறுநாள் காலையில் நாரை வந்து போன பிறகு, கருங்காலன் இரண்டு உடைந்த ஓடுகளைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு நண்டுகளும் உயிரோடு இருந்தன. பவளி அவரைக் கடைசி வளைக்கு அழைத்துப் போனாள். அதன் வாயிலும் மண் உருண்டையும் கோரைத் துண்டும் சேர்ந்தே கிடந்தன.

"நாரை பிடித்தாலும் நரி பிடித்தாலும் இந்த வளையில் சாகிற நண்டு ஒன்றுதானே, பெரியப்பா. இதை ஏன் இரண்டு தடவை எண்ணினீர்கள்?"

கருங்காலன் தன் பத்துக் கால்களையும் பார்த்தார். இந்தத் தடவை தட்டவில்லை.

பயந்துபோய் எண்ணுகிறவர் ஒரே ஆபத்தை இரண்டாக எண்ணி, இருக்கிற இடத்தையும் இல்லை என்று சொல்லிவிடுவார்.