மூக்காயி போட்ட வேலி

நாவலோடைக் கரையில் மூக்காயி என்ற கரடி வாழ்ந்து வந்தாள். ஆள் பெரியவள். பசியும் அதற்கேற்ற பெரிய பசி. போன ஐப்பசியில் விடாமல் கொட்டிய மழையில் தேனும் கிடைக்கவில்லை, பழமும் கிடைக்கவில்லை. பதினோரு நாள் குகைக்குள் வெறும் வயிற்றோடு முடங்கிக் கிடந்தாள். மழை விட்டு வெளியே வந்தபோது அவள் தோல் அவளுக்கே தொளதொளவென்று தொங்கியது.

"இந்தப் பாடு இனி எனக்கு வேண்டாம்!" என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அடுத்த ஆடியில் கரையோரம் ஒரு தோட்டம் போட்டாள். கற்களைப் பொறுக்கி ஒரு மூலையில் குவித்தாள். முள்ளம்பன்றி சிலம்பன் மண்ணைக் கிளறிக் கொடுத்தான். புள்ளிமான் வேலாத்தா ஈரம் நிற்கும் இடம் எது என்று காட்டிக் கொடுத்தாள். அவரை, பூசணி, வெண்டை எல்லாம் முளைத்தன. எல்லாவற்றையும்விட மூக்காயி நம்பியிருந்தது சர்க்கரைவள்ளிக் கிழங்கைத்தான். ஏழு வரிசை போட்டிருந்தாள்.

சாயங்காலமானால் மூன்று பேரும் தோட்டத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். சிலம்பன் சொல்கிற கதைக்கு மூக்காயி சிரித்தால் அக்கரைக் கொக்குகள் பறந்துவிடும்.

கற்குவியலில் ஒரு பெருச்சாளி குடியேறியிருந்தான். பெயர் பொன்னுரங்கம்.

"அக்கா, எனக்கு வீடு வாசல் இல்லை. இந்தக் கல்லுக்கு அடியில் ஓரமாக இருந்துகொள்கிறேன். புழு பூச்சியைத் தின்றுகொண்டு தோட்டத்துக்குக் காவலாகவும் இருப்பேன்!" என்று கேட்டான். மூக்காயிக்கு இளகிய மனசு. சரி என்றுவிட்டாள்.

புரட்டாசி பிறந்தது. ஒரு நாள் காலையில் முதல் வரிசைக் கொடி வாடிக் கிடந்தது. மூக்காயி இழுத்துப் பார்த்தாள். கொடி கையோடு வந்தது. கிழங்கு வரவில்லை. குழிக்குள் பல் பட்ட ஒரு துண்டு மட்டும் கிடந்தது.

"ஐயோ அக்கா! எந்தப் பாவி செய்த வேலை இது!" என்று பொன்னுரங்கம் மார்பில் அடித்துக்கொண்டான்.

"நீ காவலுக்கு இருந்தாயே, யாரையாவது பார்த்தாயா?"

"கண்ணால் பார்க்கவில்லை அக்கா. பார்க்காததைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும், இந்தக் கரையில் மண்ணைத் தோண்டுகிற நகம் யாருக்கு இருக்கிறது? நீங்களே யோசியுங்கள்."

மூக்காயி யோசித்தாள். "சிலம்பனா? அவன் என் கூட்டாளி ஆயிற்றே!"

"நான் சிலம்பன் என்று சொல்லவே இல்லையே! நீங்கள்தான் சொன்னீர்கள்!" என்றான் பொன்னுரங்கம்.

அந்தப் பெயர் மூக்காயியின் மனசில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே வேலி போட ஆரம்பித்தாள். மூங்கில் கழி நட்டாள். இடையிடையே இலந்தை முள்ளை வைத்துக் கட்டினாள். உள்ளே போய்வர ஒரு முள்படல் வைத்தாள்.

"அடியில் தோண்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்? முழ ஆழத்துக்குக் கல்லை இறக்குங்கள் அக்கா!" என்றான் பொன்னுரங்கம்.

"நல்ல யோசனை! இந்தக் கற்குவியலை எடுத்து இறக்கிவிடுகிறேன்."

"வேண்டாம், வேண்டாம்! இது உதிர்ந்துபோகிற கல். ஓடையில் நல்ல உருண்டைக் கல் கிடக்கிறது பாருங்கள்!"

மூக்காயி நான்கு நாள் ஓடைக்கும் தோட்டத்துக்குமாகக் கல் சுமந்தாள். இடுப்பு விட்டுப் போயிற்று.

ஐந்தாம் நாள் சிலம்பன் வந்தான். "என்ன மூக்காயி, கோட்டையா கட்டுகிறாய்? நானும் ஒரு கை கொடுக்கட்டுமா?"

"உன் கையைப் பற்றித் தெரிந்துதானே வேலியே போடுகிறேன்!"

சிலம்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"நானா? உன் கிழங்கையா?" என்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "சரி. மூன்று நாள், இரவும் பகலும், உன் கண் முன்னாலேயே உட்காருகிறேன். தூங்கினாலும் உன் காலடியிலேயே தூங்குகிறேன். அப்புறம் சொல்."

சொன்னபடியே உட்கார்ந்தான். பகலில் வெயில் மண்டையைப் பிளந்தது. பகலெல்லாம் வளையில் தூங்கிப் பழகியவனுக்குக் கண் எரிந்தது. இருந்தும் நகரவில்லை. அவன் முள்ளுக்குப் பயந்து மூக்காயியும் புரண்டு படுக்காமல் கட்டை மாதிரிக் கிடந்தாள்.

நான்காம் நாள் காலையில் பார்த்தால் இரண்டாம் வரிசையும் மூன்றாம் வரிசையும் வாடிக் கிடந்தன!

"இப்போது என்ன சொல்கிறாய்?" என்று கேட்டான் சிலம்பன்.

மூக்காயிக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பொன்னுரங்கம் அவள் காதோரம் வந்துவிட்டான்.

"அக்கா, அப்படியானால் இது வேலியைத் தாண்டிக் குதிக்கிற ஆள் செய்த வேலை! இடுப்பளவு வேலி யாருக்கு ஒரு பொருட்டே இல்லை?"

"வேலாத்தா!" என்று கத்திக்கொண்டே மூக்காயி ஓடைப்பக்கம் ஓடினாள். சிலம்பன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாளே என்று பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான்.

வேலாத்தா துறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூக்காயி சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தே விட்டாள்.

"நான் கிழங்கு தோண்டினேனா? என் குளம்பைப் பார்! இதை வைத்துத் தோண்டினால் சேறு தெறிக்கும், குழி விழாது. மேல்வரிசையில் எனக்கு முன்பல்லே கிடையாது. உன் கிழங்கை எதால் கடிப்பேன்?"

நியாயமான பேச்சுத்தான். ஆனால் கோபத்தில் இருந்தவள் காதில் அது விழவில்லை. "இனிமேல் இந்தத் துறைப் பக்கமே வராதே!" என்று உறுமினாள்.

வேலாத்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓடை உன் தோட்டத்தில் இல்லையே, மூக்காயி. இருந்தாலும் சரி, நான் மேல் துறைக்கே போய்க்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேலி உயர்ந்தது. இடுப்பளவு இருந்தது கழுத்தளவு ஆனது. பிறகு மூக்காயி கையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்துக்கு ஏறியது. வேலியின் நிழல் விழுந்து அவரைக்கொடி மஞ்சளாகிப் போயிற்று. பூசணிப் பூ அழுகி உதிர்ந்தது. மூக்காயியின் உள்ளங்கையில் முள் குத்தாத இடமில்லை. சாயங்காலங்களில் யாரும் வரவில்லை. வேலிக்குள் தனியாக உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள். கொக்குகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

கிழங்கோ போய்க்கொண்டேயிருந்தது. ஏழு வரிசையில் இரண்டுதான் மிச்சம். மேற்கே மேகம் கறுத்து வந்தது.

"இன்னும் ஒரு ஆள் உயரம் ஏற்றுங்கள் அக்கா!" என்றான் பொன்னுரங்கம்.

மூக்காயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தம்பி, நீ கொஞ்சம் பருத்திருக்கிறாயோ?"

"கவலைதான் அக்கா! கவலை வந்தால் எனக்கு உடம்பு ஊதிவிடும்!"

பாவம், நமக்காக இப்படிக் கவலைப்படுகிறானே என்று மூக்காயி நினைத்துக்கொண்டாள்.

அன்று மதியம் மழைக்கு முந்திய காற்று அடித்தது. உயரமான வேலி ஆடியது. கற்குவியல் இருந்த மூலையில் அப்படியே உள்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மூக்காயி ஒரு பெரிய கட்டையைத் தூக்கிக்கொண்டு முட்டுக் கொடுக்க ஓடினாள்.

"அங்கே வேண்டாம்! அங்கே ஊன்றாதீர்கள்! பாம்பு இருக்கிறது!" என்று அலறினான் பொன்னுரங்கம்.

"பாம்புக்குப் பயந்தால் வேலி விழுந்துவிடும்!" என்று சொல்லி மூக்காயி கற்களைக் காலால் தள்ளிவிட்டு, கட்டையை ஓங்கி ஊன்றினாள்.

கட்டை நிற்கவில்லை. வெண்ணெயில் இறங்குவதுபோல் முழுசாக உள்ளே போயிற்று. அதைத் தொடர்ந்து தரை போயிற்று. தரையோடு மூக்காயியும் போனாள்.

தொம்!

கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். ஒரு நிலவறைக்குள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு! பெரியது அடியில், சிறியது மேலே என்று வீட்டுக்காரன் பதவிசாக அடுக்கி வைத்திருந்தான். ஒரு மூலையில் பாதி கடித்த கிழங்கு. பக்கத்தில் படுக்கப் பஞ்சு மெத்தை. அங்கிருந்து ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சுரங்கம் போயிற்று.

மூக்காயி நிமிர்ந்து பார்த்தாள். மேலே பொன்னுரங்கத்தின் மீசை நடுங்கியது. அவ்வளவுதான், ஓட்டமெடுத்தான்!

சாய்ந்தும் விழாமல் நின்ற வேலியில் புகுந்து வெளியேறப் பார்த்தான். இலந்தை முள் மூக்கில் ஏறியது. அடியில் தோண்டினான். உருண்டைக் கல் நகத்தை உடைத்தது. படலுக்கு ஓடினான். அதுவும் இறுகக் கட்டியிருந்தது. வளைக்குள் ஒளியலாம் என்றால் வளையில் கரடி உட்கார்ந்திருந்தது.

"எந்த மடையன் இப்படி ஓர் ஓட்டைகூட இல்லாமல் அடைத்தான்!" என்று கத்தினான்.

"நீ சொல்லித்தானே தம்பி அடைத்தேன்!" என்றபடி மூக்காயி குழியிலிருந்து ஏறி வந்து அவன் வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

"அக்கா, அக்கா! கிழங்குதானே எடுத்தேன்! எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்!"

"சிலம்பனையும் வேலாத்தாவையும் திருப்பிக் கொடுப்பாயா?"

மூக்காயி கொஞ்சம் யோசித்தாள். கோபம் முழுவதையும் அவன் மேல் கொட்ட அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னது இவன், ஆனால் உறுமியது யார்? வாலைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றி ஓடைக்கு அந்தப்பக்கம் வீசினாள். அவன் அக்கரைச் சேற்றில் பொத்தென்று விழுந்தான். எழுந்து ஓடியவன் அப்புறம் இந்தக் கரைக்கு வரவேயில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மூக்காயி இரண்டு கையும் கொள்ளாமல் கிழங்கை அள்ளிக்கொண்டு சிலம்பனின் வளைக்குப் போனாள். அவன் முதுகை வாசலுக்குக் காட்டிப் படுத்திருந்தான்.

"யார் அது?"

"நான்தான், மூக்காயி."

"இப்போது என்ன காணாமல் போயிற்று?"

மூக்காயி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "நான் செய்தது தப்பு, சிலம்பா" என்றாள்.

"மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்தேன். அது எனக்குப் பெரிசில்லை. நாலாவது நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாயிருந்தது. வெட்கத்தை மறைக்க இன்னொருத்தி மேல் பாய்ந்தேன்."

சிலம்பனின் சிலிர்த்திருந்த முள் ஒவ்வொன்றாகப் படிந்தது. "மழையில் ஏன் நனைகிறாய்? உள்ளே வா" என்றான். உடனே, "வேண்டாம், வேண்டாம்! நீ உள்ளே வந்தால் நான் வெளியே நிற்க வேண்டியதுதான்!" என்று பதறினான். மூக்காயி சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த மழைத்துளியெல்லாம் உதிர்ந்தது.

வேலாத்தா அவ்வளவு சீக்கிரம் இறங்கி வரவில்லை. மேல் துறைக்குப் போய் மூக்காயி மன்னிப்புக் கேட்டபோது, கேட்டுவிட்டு மறுபடியும் தண்ணீர் குடிக்கக் குனிந்துகொண்டாள். மூக்காயி வற்புறுத்தவும் இல்லை. மழை விட்ட இடைவெளிகளில் வேலியைப் பிரித்து இறக்கினாள். காட்டுப்பன்றி நுழையாத அளவுக்கு, இடுப்புயரம் மட்டும் விட்டுவைத்தாள்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம். மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது. சிலம்பனும் மூக்காயியும் கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். வேலிக்கு மேலாக ஒரு தலை தெரிந்தது.

"அவரைக்கொடி ஏன் இப்படி மஞ்சளாகிக் கிடக்கிறது? வெயிலே படவில்லையா?" என்று கேட்டாள் வேலாத்தா.

"இனிமேல் படும்" என்று சொல்லிக்கொண்டே மூக்காயி எழுந்துபோய்ப் படலைத் திறந்தாள்.

ஒருவர் மேல் பழி சொல்லி நம் காதில் ஓதுகிறவருக்கு அதனால் என்ன ஆதாயம் என்று பார்க்காமல், நல்ல நண்பர்களைச் சந்தேகிக்கக் கூடாது.