அரிசியளவு இரும்பு

தங்கையன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது ஞானசிகாமணி தம் கத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை கழுத்தைப் பொத்தியிருந்தது. விரல்களின் இடுக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. வலது கை வெட்டுக்கத்தியை வெயிலில் திருப்பித் திருப்பி, அதன் கூர்வாயில் எங்கே சில்லு போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. தங்கையன் ஜீப்பைக் கொண்டுவர ஓடினார். ஜீப் வந்தபோது ஞானசிகாமணி உயிரோடு இல்லை.

அவர்கள் பதினோரு பேர். யாரும் வெட்டுக்கத்தியால் பிழைப்பவர்கள் அல்ல. ஒருவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் மருந்துக்கடைக்காரர். தங்கையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கனமான கத்தியைக் கையில் எடுத்தால் எல்லோருக்கும் இருபது வயது குறையும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்ததும் ஞானசிகாமணியின் ரப்பர் தோட்டத்தில் கூடுவார்கள். லாரி வில்பட்டையில் அடித்த கத்தியா, தண்டவாள இரும்பா, முதுகு எத்தனை கனம், அயனி மரத்தடியை எத்தனை வெட்டில் துண்டாக்குகிறது, அதற்குப் பிறகும் கைமயிரை மழிக்கிறதா என்று பொழுது சாயும்வரை பேசுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஒரு பந்தயம் உண்டு. இரண்டு பேர் கத்தியோடு கத்தியை, கூர்மையோடு கூர்மை மோதவிடுவார்கள். எதன் வாய் மடங்குகிறதோ அது தோற்றது.

போன வருடம் தங்கையனின் கத்தி மடங்கியது. அன்றிலிருந்து ஞானசிகாமணி அவரை எங்கே பார்த்தாலும், கல்யாண வீட்டில்கூட, வாழையிலையை மடக்கிக் காட்டிச் சிரிப்பார். முப்பது வருடப் பழக்கம். சிரிக்க உரிமை இருந்தது.

இந்த வருடம் இரண்டு கத்தியும் மடங்கவில்லை. இரண்டிலும் அரிசியளவு உடைந்திருந்தது. உடைந்த சில்லுகளில் ஒன்று மண்ணில் எங்கோ போயிற்று. மற்றது ஞானசிகாமணியின் கழுத்தில் போயிற்று.

விபத்து என்று எழுதி முடித்து, போலீஸ்காரர்கள் கத்திகளையும் அந்தச் சில்லையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஞானசிகாமணியின் மனைவி கிறிஸ்டிபாய் அவற்றை வீட்டுக்குள் எடுக்கவில்லை. தங்கையன் வாங்கிக்கொண்டார். ஒரு மாதமாகப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சில்லை இரண்டு கத்தியிலும் பொருத்திப் பார்த்தார். இரண்டிலும் பொருந்துவதுபோல இருந்தது. இரண்டிலும் பொருந்தாததுபோலவும் இருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் ஜெபத்துக்கு முந்தின நாள் காலையில் அவர் கொல்லர் ஆசானிடம் போனார்.

இரண்டு கத்தியையும் அடித்தவர் ஆசான்தான். தங்கையனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் இரும்பைப் பற்றித் தங்கையனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பட்டறையில், அவர் காலடியில் உட்கார்ந்து கற்றது. பதினோரு பேருக்கும் அவர்தான் குரு. பந்தயத்துக்கு மட்டும் அவர் ஒருநாளும் வந்ததில்லை. வாருங்கள் என்று கூப்பிட்டால், இரும்பு வேலைக்கு உள்ளது என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுப்பார்.

தங்கையன் கத்திகளையும், பஞ்சில் பொதிந்த சில்லையும் பட்டடைமேல் வைத்தார். வந்த காரியத்தைச் சொன்னார். இரும்பு உடைந்த இடத்தில் மணல்போலத் தெரியும் பொடியைப் பார்த்தே அது எந்தக் கத்தியுடையது என்று ஆசானால் சொல்லிவிட முடியும். அது தங்கையனுக்குத் தெரியும்.

ஆசான் சில்லை உள்ளங்கையில் வைத்து வாசலுக்குப் போனார். வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு கத்திகளைப் பார்த்தார்.

"ஒங்களுக்க கத்தின்னு சொன்னா என்ன செய்யலாம்னு வந்திருக்கீங்க?" என்று கேட்பதுபோல அவர் பார்வை இருந்ததால் தங்கையனே சொன்னார்: "எனக்க கத்தின்னா நாளைக்கு அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் ஆசானே. இனி எந்த நாளும் ஏறமாட்டேன்."

"அவருக்க கத்தின்னா?"

தங்கையன் கொஞ்சம் தயங்கினார். "போவேன். ஜெபத்துக்கு உக்காருவேன்."

"சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன்."

"புருசன் அவனுக்க சொந்தக் கத்தியாலே செத்தான்னு கேட்டுக்கிட்டு, அந்த அம்மா ஒங்களுக்குச் சோறு வெளம்பணும்."

ஆசான் உலையில் கரியைத் தள்ளிவிட்டு, காற்றுச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். தங்கையன் சுற்றினார். நெருப்பில் காட்டினால்தான் வித்தியாசம் தெரியும்போலும் என்று நினைத்து வேகமாகவே சுற்றினார். கரி சிவந்து, மஞ்சளாகி, பார்க்க முடியாத வெள்ளையானது. ஆசான் குறட்டால் சில்லை எடுத்து அதன் நடுவில் போட்டார்.

நாலைந்து பொறி தெறித்தது. அவ்வளவுதான். குறட்டால் கிளறியபோது கரி மட்டும் இருந்தது.

சக்கரம் தானாக நின்றது.

"ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று தங்கையன் கேட்டார்.

"தெரிஞ்சுது."

"சொல்லமாட்டீங்க."

ஆசான் குறட்டைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைத்தார். "பந்தயத்துக்கு முந்தின வாரம் இங்க வந்து என்ன கேட்டீங்க அண்ணே?"

தங்கையனுக்கு அது மறக்கவில்லை. மடங்கவே கூடாது, பதத்தை ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். இதற்கு மேல் ஏற்றினால் மடங்காது, உடையும் என்று ஆசான் சொன்னார். ஒரு நாள் தாங்கினால் போதும் என்று தங்கையன் பதில் சொன்னார்.

"மறுநாள் அவரு வந்தாரு," என்றார் ஆசான்.

"சிகாமணியா?"

"அவருதான். மடங்கக்கூடாதுன்னாரு."

"உடையும்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

"ஒங்ககிட்ட சொன்னதைத்தான் சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"நீங்க சொன்னதைத்தான்."

வெளியே ஒரு பஸ் போயிற்று. அது வளைவு திரும்பியதும், எல்லாம் தெரிந்துமா இரண்டு பேருக்கும் செய்துகொடுத்தீர்கள் என்று தங்கையன் மெல்லக் கேட்டார். ஆசான் ஆமாம் என்றார்.

"நாளைக்கு அந்த வீட்டுல கிறிஸ்டிபாய் எனக்க மொகத்தைப் பாத்தா நான் என்ன சொல்லுவேன்?"

"ரெண்டு பேரு கேட்டதையும் கேட்டபடியே செஞ்சு குடுத்தவன் உசுரோட இருக்கான்னு சொல்லுங்க. எனக்க வீடு எங்கன்னு கேட்டா, வழியும் சொல்லுங்க."

தங்கையன் மறுநாள் போனார். ஜெபம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கிறிஸ்டிபாய் ஒன்றும் கேட்கவில்லை, சோறு விளம்பினாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிர்ச்சுவரில் ஞானசிகாமணியின் மற்ற வெட்டுக்கத்திகள் வரிசையாகத் தொங்கின. பதினேழு. துரு பிடிக்காமலிருக்க ஞானசிகாமணி தம் கையால் பூசிய தேங்காயெண்ணெய் அவற்றில் இன்னும் காயவில்லை.