வெள்ளைச் சட்டையும் இரண்டு பாட்டிலும்

முதல் வருஷ வேதியியல் லேபுக்குள் பேராசிரியர் ஆவுடைநாயகம் நுழைந்தால் பர்னர்கூடப் பயந்து பயந்துதான் எரியும். அன்று சாயங்காலம் அவருக்குப் பாராட்டு விழா. அதனால் பளீரென்று புது வெள்ளைச் சட்டை வேறு.

முந்தின நாள் கரும்பலகையில் அவர் போட்ட சமன்பாடு தப்பு என்று சொன்னவள் மரியபுஷ்பம். அவளைக் கூப்பிட்டு, லேபிள் இல்லாத இரண்டு பாட்டிலை வைத்தார்.

"ஒண்ணு வெறும் தண்ணி. இன்னொண்ணு சில்வர் நைட்ரேட், துணியில பட்டா கறுத்துப்போயிடும். எந்த மருந்தும் சேர்க்காம எது எதுன்னு சொல்லு. இல்லேன்னா பிராக்டிகல்ல முட்டைதான்!"

அவர் கண் முன்னாலேயே மரியபுஷ்பம் முதல் பாட்டிலில் டிராப்பரை விட்டு உறிஞ்சி, அவர் சட்டைக்கு நேரே நீட்டினாள்.

"என்னம்மா விளையாட்டு?" என்று அதட்டினார். ஆனால் அசையவில்லை.

வேறொரு டிராப்பரில் இரண்டாவது பாட்டிலிலிருந்து உறிஞ்சி நீட்டினாள்.

"ஐயோ, சட்டை!" என்று மேசைக்குப் பின்னால் பாய்ந்தார்.

"இதுதான் சில்வர் நைட்ரேட், சார்."

லேபே சிரித்தது. அவர் முகம் சிவந்தது. "மருந்தே இல்லாம எப்படிச் சொன்னே?"

"மருந்துதான் கூடாதுன்னீங்க சார். எது எதுன்னு காட்டிக்கொடுக்கிற இண்டிகேட்டர் கூடாதுன்னு சொல்லலையே. பாருங்க, இப்பவும் நிறம் மாறிக்கிட்டே இருக்கீங்க!"