மண்டபத்து வாசல் தரை

மருதாசலம் கட்டியது கல்யாண மண்டபம்தான். அவர் நினைப்பில் அது அரண்மனை. அதன் வாசலில் ஈரக் கான்கிரீட்டில் அச்சு அடித்து, கருங்கல் பாவியது போலத் தவிட்டு நிறத்தில் தரை போட்டவள் தெய்வாத்தாள். ஒரே வருஷத்தில் அந்தத் தரை தேமல் விழுந்த மாதிரி வெளுத்துப் போனது.

ஆள் விட்டு அவளை வரவழைத்தார். முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று சத்தம் போட்டார். "பத்து வருஷம் தாங்கும்னியே! நாளைக்குள்ள பழைய நிறம் வரணும். இல்லேன்னா இந்த ஊர்ல எவனும் உனக்கு வேலை தர மாட்டான்."

தெய்வாத்தாள் குனிந்து தடவிப் பார்த்தாள். நிறத்தைக் காக்க மேலே அடித்த பூச்சு துளிகூட இல்லை.

"சோப்புத் தண்ணிதான் ஊத்தணும்னு சொன்னேனுங்களே. எதை ஊத்திக் கழுவறீங்க?"

"வெத்தலைக் கறை சோப்புல போகுமா? வாட்ச்மேன் வாராவாரம் கழுவறான். ஒண்ணும் பண்ணாத சாமான்தான். உன் வேலைதான் மட்டம்!"

"அப்படிங்களா?"

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் கையிலிருந்து, தரை கழுவும் கேனை வாங்கினாள். மூடியைத் திறந்தபடி, வாசலில் நின்ற மருதாசலத்தின் புதுக் கார் பக்கம் போனாள்.

"காரு தூசியா இருக்குதுங்க. இதுலயே கழுவிடறேன்."

மருதாசலம் வேட்டி தடுக்க ஓடிவந்தார். "அடியே, அது ஆசிட்டு! பெயிண்டெல்லாம் அரிச்சுரும்! அது என் காருடி!"

கூட்டம் சிரித்தது. தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. கேனை அவர் காலடியில் வைத்தாள்.

"அது உங்க காருன்னா, இது என் தரைங்க."